கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு கேமரா

படம் முழுவதையும் கம்பெனி பஸ்ஸுக்குள்ளேயே எடுப்பது என்று முடிவான பிறகுதான் நாங்கள் கேமரா தேட ஆரம்பித்தோம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கேமராவை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, கதை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். எங்களிடம் கதை முதலிலேயே இருந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் வேலை செய்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியும் என் மேஜைக்கு வரும். தோலில் சுருக்கம் இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்ப்பேன். கறுப்பு ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு நூல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

என் தோழி அதே கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். குடியாத்தத்திலிருந்து வருகிறாள், நான் அதே பாதையில் நான்கு நிறுத்தம் தள்ளி ஏறுவேன். வீட்டில் அவள் பேசுவது உருது, பஸ்ஸில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஒன்பது வருஷமாக எனக்காக ஜன்னலோர சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிக்கிறாள்.

படம் எடுக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எரிச்சலிலிருந்து வந்தது என்பதுதான் உண்மை. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே நான்கைந்து கல்லூரிப் பிள்ளைகள் கேமராவோடு நின்றிருந்தார்கள். தோல் தொழிலாளர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுப்பதாகச் சொல்லி என்னை நிறுத்தி வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்னேன். கேமரா பிடித்திருந்த பெண் தலையைத் தூக்கி, "அக்கா, இதையே கொஞ்சம் சோகமா சொல்ல முடியுமா?" என்றாள்.

"எதுக்குமா சோகம்? நல்லாதான இருக்கேன்."

"இல்லக்கா, கை வலிக்கும், கண்ணு எரியும், அந்த மாதிரி..."

"வலிக்கும். ஞாயித்துக்கிழம துணி தொவச்சா இதவிட ஜாஸ்தியா வலிக்கும்" என்றேன்.

அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனாள். பஸ்ஸில் இதைச் சொன்னபோது என் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். மாதனூர் வரும்வரை சிரித்தவள், பாலாற்றைத் தாண்டும்போது திடீரென்று நிறுத்தினாள்.

"ஏன்பா, நம்ம கதைய நாமளே எடுத்தா இன்னா?"

"நம்ம கதைன்னா எது?"

அவள் கண்ணால் மூன்று வரிசை முன்னால் காட்டினாள். அங்கே இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பேக்கிங், இன்னொருத்தி கட்டிங். ஏதோ ஒரு சீட் தகராறில் ஆரம்பித்து, ஒரு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள், அந்த வரிசையில்தான் இடம் இருக்கும், ஆகவே தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் களைப்பில் சில நாள் ஒருத்தி தூங்கி மற்றவள் தோளில் சாய்ந்துவிடுவாள். சாய்ந்தவளை மற்றவள் எழுப்பமாட்டாள். தள்ளவும் மாட்டாள். இறங்குகிற இடம் வந்ததும் இரண்டு பேரும் மறுபடி விரோதிகளாக இறங்கிப் போவார்கள்.

"இதான் கதை. பத்து நிமிஷம் போதும்" என்றாள் என் தோழி. அவள் சொன்னது சரி. அதற்குமேல் அந்தக் கதையில் எதையும் சேர்க்கவேண்டிய அவசியம் எனக்கும் தெரியவில்லை.

முதலில் போனில்தான் முயன்றோம். போனில் படம் எடுக்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் நன்றாக எடுக்கிறார்கள். எங்கள் போன்கள் அதற்குச் சரிப்படவில்லை. என் போனில் பேசுகிற குரலைவிட பஸ் இன்ஜின் பெரிதாகக் கேட்டது. அவள் போன் கொஞ்சம் புதியது, படம் தெளிவாக இருந்தது. ஆனால் நல்ல ஷாட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது அவளுடைய கணவர் கூப்பிட்டு, சாவி எங்கே வைத்தாய் என்று கேட்டார். இன்னொரு முறை, இடமில்லை என்று போனே நிறுத்திக்கொண்டது. தள்ளி உட்கார்ந்து முகத்தைக் கிட்டே இழுத்தால் மூக்கும் கன்னமும் கட்டம் கட்டமாக உடைந்தன.

அப்போதுதான் ஷூவில் கட்டுகிற கம்பெனி டேக் ஒன்றின் பின்பக்கம் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். எங்களுக்கு எது வேண்டும் என்பதை அல்ல, பஸ்ஸுக்கு எது வேண்டும் என்பதை. பஸ் குலுங்கும், கேமரா அந்தக் குலுக்கலைத் தாங்கவேண்டும். பஸ்ஸில் சத்தம் அதிகம். வெளியிலிருந்து மைக் சொருக ஒரு துளை கட்டாயம் வேண்டும், என்ன பதிவாகிறது என்று காதில் மாட்டிக் கேட்க இன்னொரு துளை வேண்டும். நான்கு சீட் தள்ளி உட்கார்ந்தபடியே முகத்தைக் கிட்டே கொண்டுவர முடியவேண்டும். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும், பேட்டரி சாகக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே வெயில், உள்ளே நிழல். இரண்டும் ஒரே படத்தில் தெரியவேண்டும். கடைசியாக, அதைப் பார்த்ததும் யாரும் தலையைச் சரிசெய்துகொள்ளக்கூடாது.

தீபாவளி போனஸில் இரண்டு பேரும் சேர்த்து நாற்பதாயிரம் ஒதுக்கலாம் என்று முடிவுசெய்தோம். அதற்குமேல் ஒரு ரூபாய் இல்லை.

என் தோழிக்கு அந்த டேக்கில் எழுதியது எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வேலூரில் அவளுடைய சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "முன்னால மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு, பின்னால எல்லாம் மங்கலா, லைட்டெல்லாம் உருண்ட உருண்டையா... அதான்பா சினிமா. அந்த கேமராதான் வேணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வேலூருக்குப் போனோம். கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள பெரிய கடை. போனதுமே விற்பனை செய்கிற இளைஞர், "சார் வரலீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"எந்த சார்?" என்றாள் என் தோழி.

அதற்குப் பிறகு அவர் மரியாதையாகவே பேசினார். ஒவ்வொரு கேமராவாக எடுத்து வைத்து ஃபோர்கே, ஃபோர்கே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கைப்பையிலிருந்து இரண்டு தோல் துண்டுகளை எடுத்தேன். ஆம்பூரில் வேஸ்ட் தோல் விற்கிற கடையில் வாங்கியவை. ஒன்று கறுப்பு, ஒன்று கறுப்பை ஒட்டிய அடர் பழுப்பு. இரண்டையும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கேமராவுக்குத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

"இங்க லைட் ஜாஸ்தி. ஒரே ஒரு டியூப்லைட் இருக்கிற எடம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். பிறகு மாடிப்படிக்கு அடியில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஒவ்வொரு கேமராவிலும் அரை நிமிஷம் எடுத்து, கடை டிவியில் போட்டுப் பார்த்தோம். எங்கள் பணத்துக்குள் கிடைத்த முதல் கேமராவில் இரண்டு துண்டுகளும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. போதாததற்குச் சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. டியூப்லைட்டால் வருகிற கோளாறு அது, கேமராவைக் குறை சொல்ல முடியாது. கடையின் சர்வீஸ் மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து ஷட்டர் வேகத்தை ஐம்பதில் வைத்ததும் பட்டைகள் மறைந்தன. அதையும் டேக்கில் எழுதிக்கொண்டேன். மைக் சொருகும் துளை எங்கே என்று கேட்டேன். அந்த மாடலில் இல்லை என்றார்கள்.

அடுத்ததில் நிறம் பிரிந்து தெரிந்தது. மைக் துளையும் இருந்தது. விலை எங்கள் பணத்தைப்போல் ஒன்றரை மடங்கு. என் தோழி அதைக் கையில் வாங்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பின்னால் கடையின் விளக்குகளெல்லாம் உருண்டை உருண்டையாகத் தெரிந்திருக்கவேண்டும். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்பா. தவணைல தர்றாங்களாம்."

"எவ்ளோ நேரம் நிக்காம ஓடும் தம்பி?" என்று நான் கேட்டேன்.

"அரை மணி நேரம் வரைக்கும் மேடம். தொடர்ந்து எடுத்தா கொஞ்சம் சூடாகும். பேட்டரி ரெண்டு வாங்கிக்கோங்க."

நான் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவளும் பின்னாலேயே வந்தாள். கடை வாசலிலேயே சண்டை ஆரம்பித்தது.

"நீ எதையும் நல்லாருக்குன்னு சொல்லவே மாட்ட. பதினாறு வருஷமா தப்பு கண்டுபுடிச்சு கண்டுபுடிச்சு உன் கண்ணே அப்டி ஆய்ட்ச்சு."

அது எனக்கு உறைத்தது. ஆனால் விடவில்லை.

"நீ ஒரு மூஞ்சிய பாத்துகினு இருக்கிற. நான் பஸ்ஸ பாக்குறேன்."

"பஸ்ஸ யாரு பாக்க வருவா? மூஞ்சியதான் பாப்பாங்க."

திங்கட்கிழமை ஜன்னலோர சீட்டில் சாப்பாட்டுப் பை இல்லை. அவள் பின்னால் போய் வேறு யாருடனோ உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் அப்படியே. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளம்பெண் ஒருத்தி, "இன்னாக்கா, உங்களுக்குள்ளயும் பேச்சு இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் மேல் தப்பு இருக்கிறதா என்று யோசித்தேன். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: நான் எதையும் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கேமரா எங்கள் பஸ்ஸுக்கு ஆகாது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வியாழக்கிழமை அவளே வந்து உட்கார்ந்தாள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பேஜார் வேணாம்பா. எனக்குப் புடிச்ச மாதிரி ஒன்னு, உன் டேக்குல எழுதின மாதிரி ஒன்னு, ரெண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஒரே சீன், ரெண்டுலயும் எடுக்கலாம். வீட்டு டிவில போட்டு பாக்கலாம். எது நல்லாருக்கோ அது."

இதைவிடச் சரியான வழி எனக்குத் தோன்றியிருக்காது. கம்பெனியில் புது பசை வந்தாலும் இப்படித்தான் சோதிப்போம். ஒரு ஷூவில் பழையது, ஒரு ஷூவில் புதியது.

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதன் முதலாளி ஐம்பது வயதுக்காரர், முன்கோபி. அவரிடம் புதிதாக வாங்கிய பெரிய கேமரா ஒன்றும், ஓரம் கட்டி வைத்திருந்த பழைய வீடியோ கேமரா ஒன்றும் இருந்தன. பழையது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, பக்கவாட்டில் சின்னத் திரை திறக்கிற வகை. "இத யாரும் இப்ப கேக்கறது இல்ல. எல்லாருக்கும் பின்னால மங்கலா வேணும்" என்று சலித்துக்கொண்டார். என் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டையும் கொடுத்தார்.

அந்த ஞாயிறு ஆர்டர் அவசரத்தால் எங்களுக்கு அரை நாள் வேலை இருந்தது. இரண்டரை மணிக்கு பஸ் கிளம்பியது. டிரைவரிடம் முன்பே கேட்டிருந்தோம். "வண்டிய நிறுத்த சொல்லாதீங்க, மத்தபடி இன்னா வேணா எடுங்க" என்றார். தூங்குகிறவளாக என் தோழி, தோள் கொடுக்கிறவளாக லைனில் அவளோடு வேலை செய்கிற ஒரு பெண். கேமரா என் கையில்.

முதலில் பெரியது. அதை எடுத்ததுமே பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டாள். ஒருத்தி "யாருக்குக் கல்யாணம்?" என்றாள். பேச்சுச் சத்தமே அடங்கிவிட்டது. பஸ் குலுங்கும்போதெல்லாம் கேமரா யாரைத் தெளிவாகக் காட்டுவது என்று தெரியாமல் ஒரு முறை முகத்தையும் ஒரு முறை முன்சீட் கம்பியையும் மாற்றி மாற்றித் தேடியது. மங்கலைக் குறைக்கலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லித்தந்தபடி லென்ஸின் வாயைச் சுருக்கினேன்; உள்ளே வெளிச்சம் போதாமல் படம் மணல் தூவினதுபோல் ஆனது. மாதனூருக்குள் ஒரு பேட்டரி முடிந்தது.

பிறகு சின்னதை எடுத்தேன். நான்கு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, பையின்மேல் கேமராவை வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். பேச்சு திரும்பி வந்தது. பின்னால் யாரோ வெங்காய விலையைத் திட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு டிவியில் இரண்டையும் போட்டோம். அவளுடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்போதுதான் சவாரி முடித்து வந்து தட்டோடு உட்கார்ந்தார். முதலில் பெரிய கேமராவில் எடுத்தது ஓடியது. கம்பியைத் தேடி அலைந்த இடங்களை விட்டுப் பார்த்தால் படம் அழகாகத்தான் இருந்தது, நான் மறுக்கமாட்டேன். என் தோழியின் கண்ணிமை மூடுவது, கன்னத்தில் வெயில் விழுவது, எல்லாம் பட்டுப்போல இருந்தது. அவள் பெருமையோடு கணவரைப் பார்த்தாள்.

அவர் சாப்பாட்டை மென்றுகொண்டே, "நல்லா இருக்கு. எந்த ஸ்டுடியோல எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஸ்டுடியோவா? பஸ்ல எடுத்தோம்!"

"பஸ்ஸா? பஸ் எங்க தெரியுது?"

நான் அடுத்ததைப் போட்டேன். சின்ன கேமராவில் நிறம் அவ்வளவு பட்டாக இல்லை. ஆனால் முகத்துக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கிற கைகள் தெரிந்தன, தொங்குகிற டிபன் பைகள் தெரிந்தன, ஜன்னலுக்கு வெளியே பாலாறு தெரிந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அட, இது நம்ம ஆத்து பாலம். அந்தப் பொண்ணு நம்ம தெருதான? நின்னுகினே தூங்குதே!"

என் தோழி ரிமோட்டை வாங்கி முதலில் இருந்து இரண்டையும் தனியாக இன்னொரு தடவை பார்த்தாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"அவரு சொன்னாருன்னு இல்ல. எனக்கே தெரியுது. மூஞ்சி நல்லாருக்கு, ஆனா அது யாரு மூஞ்சியோ. இதுல இருக்கிறது கம்பெனில இருந்து வர்ற பொம்பள." பிறகு, "ஆனா சத்தம் ரெண்டுலயும் மோசம். நீ அத பத்தி பேசவே இல்ல. இந்த படத்துல சத்தம் என் வேல. நீ தலையிடாத" என்றாள்.

"சரி" என்றேன். அவள் சொன்னது உண்மை. கண்ணை நம்பியே பிழைக்கிறவள் நான்; காதை மறந்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய் அந்தப் பழைய கேமராவை விலைக்குக் கேட்டோம். எங்கள் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே அவர் சொன்னார். என் தோழி உடனே பணத்தை எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், பூசணம் இல்லை. லென்ஸை மூடிக்கொண்டு இருட்டில் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். திரையில் அசையாத வெள்ளைப்புள்ளி ஏதும் இல்லை. ஜூம் பொத்தான் கடைசியில் கொஞ்சம் இறுகியது, அது பரவாயில்லை. பிறகு ஒரு மைக்கைச் சொருகி, காதில் ஹெட்போன் மாட்டி, ஒயரை மெதுவாக அசைத்தேன். இடது பக்கம் சத்தம் போய்ப் போய் வந்தது.

"மைக் சாக்கெட் லூசா இருக்கு" என்றேன்.

ஸ்டுடியோக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமா நீ, ஷூ செக் பண்ற மாதிரி பண்ணிகினு இருக்கிற!"

"அதாங்க என் வேல."

"பழைய சாமான்னா அப்டி இப்டி இருக்கும். வேணும்னா எடுத்துக்கோ, வேணாம்னா உடு."

"வேணும். சாக்கெட்ட மாத்தி குடுங்க, நீங்க சொன்ன விலைய அப்படியே தர்றேன். கொறச்சு கேக்கல."

அவர் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். விலை குறைக்கச் சொல்லாமல் இப்படி நிற்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "ஒரு வாரம் ஆகும்" என்றார். ஒரு வாரம் காத்திருந்தோம். சாக்கெட்டைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார், அதோடு கேட்காமலேயே பெரிய பேட்டரி ஒன்றும் கொடுத்தார். இதுவரை ஒரு தடவைகூடச் சத்தம் விட்டுப்போகவில்லை.

மிச்சப் பணத்தில் என் தோழி காலரில் மாட்டுகிற இரண்டு மைக்கும், நீள ஒயரும் வாங்கினாள். ஜன்னல் காற்று மைக்கில் படபடவென்று அடித்தது. அதற்கு அவள் செய்த காரியத்தை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. ஷூவுக்குள் வைக்கிற மெல்லிய ஸ்பாஞ்சும் லைனிங் துணியும் வேஸ்ட் கடையில் வாங்கி, விரல்நுனி அளவுக்கு ஒரு உறை தைத்தாள். மைக்கை அதற்குள் சொருகி, துப்பட்டா மடிப்புக்குள் வைத்தால் காற்றுச் சத்தம் போயே போய்விட்டது. ஒயரை சீட்டுக்கு அடியில் விட்டு என்னிடம் கொண்டுவந்தாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

அரை நாள் வேலை இருந்த ஞாயிறுகளில் மட்டும் எடுத்தோம். அந்த மத்தியான வெளிச்சத்தில்தான் எங்கள் கேமரா நன்றாகப் பார்க்கும்; இருட்டிவிட்டால் அதன் கண் மங்கிவிடும் என்று என் தோல் துண்டுகளை வைத்து முன்பே சோதித்துவிட்டேன். ஆகையால் இருட்டில் எடுக்க ஆசைப்படவே இல்லை. ஐந்து ஞாயிறு. நான்காவது ஞாயிறு என் தோழி தூங்குவதுபோல் நடிக்கவேண்டிய ஷாட்டில் நிஜமாகவே தூங்கிவிட்டாள். பன்னிரண்டு நிமிஷம் நான் நிறுத்தாமல் எடுத்தேன். அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தோள் கொடுத்த பெண் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் இருக்கக் கையை நடுவில் வைத்தாள். அதை நாங்கள் சொல்லித்தரவில்லை. படத்தில் இருப்பது அதுதான்.

ஒரு பழைய லேப்டாப்பில் நானே வெட்டி ஒட்டினேன். தேவையில்லாத நூலை வெட்டுகிற வேலைதான், எனக்குப் பழக்கமானது. பதினொரு நிமிஷம் வந்தது.

மகளிர் தினத்துக்குக் கம்பெனி கேன்டீனில் ஏதாவது நிகழ்ச்சி நடத்துவார்கள். அதில் போடலாமா என்று ஹெச்.ஆர். மேடத்திடம் கேட்டோம். முதலில் தனியாகப் பார்க்கவேண்டும் என்றார். கம்பெனி பெயர் எங்காவது தெரிகிறதா என்று பார்த்தார், தெரியவில்லை. வேறு குறை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போடுங்க" என்றார்.

இருநூறு பேருக்குமேல் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் ஓடும்போது அமைதியாக இருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அமைதியாக இல்லை. "அது நான், அது நான்" என்று ஒருத்தி கத்தினாள். "என் முதுகதான் எடுத்திருக்க" என்று இன்னொருத்தி என்னிடம் சண்டைக்கு வந்தாள். ஆனால் தூங்குகிற ஷாட் வந்தபோது பேச்சு தானாக நின்றது. என் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதைக்குக் காரணமான அந்த இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். எங்களுக்கு அதுதான் பயம். படம் முடிந்ததும் பேக்கிங் பெண் நேராக என் தோழியிடம் வந்தாள்.

"நான் ஒன்னும் தூங்கி விழல. அவதான் என் மேல விழுவா. நீ மாத்தி எடுத்திருக்க."

பின்னாலிருந்து கட்டிங் பெண்ணின் குரல் வந்தது. "யாரு? நானா? போன வாரம் யாரு என் தோள்ல எச்சி ஒழுக உட்டது?"

"நீதான் குறட்ட உட்ட, பஸ்ஸே கேட்டுது!"

"குறட்டயா? அத சொல்ல நீ யாரு?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. கேன்டீனே சுற்றி நின்று சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை, தீவிரமாக வாதாடினார்கள். சாயங்காலம் பஸ்ஸிலும் அதே வாதம் தொடர்ந்தது; நான் இறங்கிய பிறகும் குடியாத்தம் வரைக்கும் ஓடியது என்று என் தோழி சொன்னாள். இப்போது அவர்கள் நன்றாகப் பழகுகிறார்கள் என்று சொல்லமுடியாது. பேசுகிறார்கள்; பேசுவதில் பெரும்பாலும் சண்டைதான்.

இப்போது இரண்டாவது படத்தில் இருக்கிறோம். இந்தக் கதையும் என் தோழியுடையதுதான். வெளிநாட்டில் இருக்கிற மகனோடு வீடியோ காலில் பேசுகிற ஒரு அம்மா. சமையலறை, ஒரு முகம், வேறு ஒன்றும் இல்லை. அவள் கதையைச் சொல்லி முடித்ததும், "இதுக்கு ஸ்டுடியோக்காரரு கிட்ட பெரிய கேமராவ வாடகைக்கு எடுக்கலாம்" என்று நானே சொன்னேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். "நீயா சொல்ற?"

"இதுல குலுங்கறதுக்கு ஒன்னும் இல்ல. அந்தம்மா மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு இருக்கட்டும், மத்தது மங்கட்டும். அவங்களுக்கு அந்த நேரத்துல வேற எதுவும் கண்ணுல படாது இல்ல?"

போன ஞாயிறு மூன்று ஷாட் எடுத்தோம். இரண்டு நன்றாக வந்திருக்கின்றன. மூன்றாவதில் அடுப்பில் இருந்த பால் பொங்கிவிட்டது, நடித்துக்கொண்டிருந்த பெண் போனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது.